கோள், விண்மீன், விண்மீன் திரள்: வானத்து நகர்வுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிவது எப்படி

வானத்தில் நாம் பார்க்கும் எந்த நகர்வும் கலப்பில்லாமல் வருவதில்லை. பார்க்கும் பொருளும் நகர்கிறது, நாமும் நகர்கிறோம். நம் பங்கைக் கண்டுபிடித்துக் கழித்தால்தான் மிச்சம் அதனுடையது என்று சொல்ல முடியும். கீழே உள்ள ஒன்பது படிகளும் செய்வது அதைத்தான்: முதலில் பூமியின் சுழற்சி, பிறகு பூமி சூரியனைச் சுற்றுவது, அதன்பின் சூரியனே ஓடுவது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேரே செவ்வாயிலோ விண்மீன் திரளிலோ (கோடிக்கணக்கான விண்மீன்களின் பெருங்கூட்டம், galaxy) தொடங்குகிறார்கள். இரண்டு வாரத்தில் குறிப்பேட்டில் எண்கள் குழம்பிவிடும், ஆர்வமும் போய்விடும். வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஆறு படிகளை மொட்டைமாடியில் செய்துவிடலாம். கடைசி மூன்றுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவு போதும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச், நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் கைபேசிக் கடிகாரம். ஆறாம் படிக்கு மட்டும் 10×50 பைனாகுலர். தொலைநோக்கி எந்தப் படிக்கும் வேண்டாம்.

கணினியில் ஸ்டெல்லேரியம் (Stellarium, வானத்தைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள்) நிறுவிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். வேறு ஏதோ ஓர் ஊரின் வானத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தேடுபவர்கள் உண்டு.

கோணம் அளக்கக் கையே போதும். கையை முழுதாக நீட்டினால் சுண்டுவிரல் அகலம் சுமார் 1 டிகிரி, முஷ்டி 10 டிகிரி. பௌர்ணமி நிலவு அரை டிகிரிதான். நம்பாதவர்கள் சுண்டுவிரலால் நிலவை மறைத்துப் பார்க்கலாம்.

தேதியை எப்போதும் இரட்டையாக எழுதுங்கள்: "ஜனவரி 14/15, இரவு 1:20". நள்ளிரவு தாண்டியதும் தேதி மாறுவதை மறந்துவிட்டு, பிறகு ஒரு நாள் பிசகிய பதிவைத் தூக்கிப்போடுவதுதான் இந்த வேலையில் மிகச் சாதாரணமான இழப்பு.

## 2. பூமியின் சுழற்சியை முதலில் கழியுங்கள்

மேற்குப் பக்கம் உயரமான, நேரான விளிம்புள்ள ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் குழுவின் நடுவே வரிசையாக நிற்கும் பட்டையின் மூன்று விண்மீன்களில் ஒன்று சுவருக்குப் பின்னால் மறையும் நேரத்தை நொடி வரை குறித்துக்கொள்ளுங்கள். வானநடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோடு) ஒட்டி இருப்பதால் பட்டை ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும், அதனால்தான் அது. துருவ விண்மீனை வைத்துச் செய்யச் சொல்லும் வழிகாட்டிகள் வட நாடுகளுக்கானவை. மதுரையில் அது அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், பல இரவுகளில் புகைமூட்டமே அதை விழுங்கிவிடும்.

அடுத்த இரவு அதே விண்மீன் 3 நிமிடம் 56 நொடி முன்னதாக மறையும். ஒரு வாரத்தில் இது 27 நிமிடத்துக்கு மேல் சேர்ந்துவிடும். காரணம், பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்ற எடுப்பது 23 மணி 56 நிமிடம் 4 நொடி. நம் 24 மணி நேர நாளில் மிச்சமுள்ள நாலு நிமிடம், பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் ஏறக்குறைய ஒரு டிகிரி நகர்ந்துவிட்டதால் கூடுதலாகத் திரும்ப வேண்டியிருப்பதற்கானது. ஆக இந்த ஒரே சோதனையில் இரண்டு நகர்வுகள் பிரிந்துவிடுகின்றன.

இங்கே வரும் பிழை ஒன்றுதான்: கண் ஒரே இடத்தில் இல்லாதது. ஐந்து மீட்டர் தூரத்தில் தலை ஒரு சென்டிமீட்டர் விலகினால் நேரம் ஏறக்குறைய அரை நிமிடம் தவறும். தரையில் சுண்ணாம்பால் கால் தடம் வரைந்து, முகவாயை ஒரு கம்பியிலோ நாற்காலி முதுகிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

## 3. நிலவில் கை பழகுங்கள்

நிலவை ஒரு பிரகாசமான விண்மீனுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டும் சேர்ந்து மேற்கே போயிருக்கும், அது பூமியின் சுழற்சி. அதே நேரத்தில் விண்மீனை ஒப்பிட்டால் நிலவு கிழக்கே ஒன்றரை டிகிரி தள்ளியிருக்கும். அது நிலவின் சொந்த ஓட்டம்.

ஒரு நாளைக்கு இது சுமார் 13 டிகிரி. பஞ்சாங்கத்தின் 27 நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் 13 டிகிரி 20 கலை (60 கலை ஒரு டிகிரி) என்று பிரிக்கப்பட்டிருப்பது இந்த ஓட்டத்தின் அளவில்தான். எனவே பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தப் படி பாதி முடிந்த மாதிரி.

விண்மீனை வைத்து எண்ணினால் நிலவு 27.3 நாளில் ஒரு சுற்று முடிக்கும். பௌர்ணமியிலிருந்து பௌர்ணமி 29.5 நாள். இரண்டாவதைச் சுற்றுக்காலம் என்று எழுதிவிடாதீர்கள், அதில் பூமி சூரியனைச் சுற்றியதும் கலந்திருக்கிறது.

## 4. செவ்வாயின் பின்னோக்கு வளையம்

இந்த வழிகாட்டியில் அதிக நாள் பிடிக்கும் படி இது. மற்றவை அனைத்தும் சேர்ந்து கற்றுத் தருவதைவிட இது அதிகம் கற்றுத் தரும் என்பது என் கருத்து.

கோள்கள் வழக்கமாக விண்மீன்களுக்கு இடையே மேற்கிலிருந்து கிழக்காக நகரும். சில மாதங்களில் நின்று, பின்னால் போய், மறுபடி நின்று, முன்னால் திரும்பும். சோதிடர்கள் வக்கிரம் என்பது இதைத்தான். கோள் உண்மையில் திரும்புவதில்லை. உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி அதை முந்துகிறது, முந்தப்படும் பேருந்து சன்னல் வழியே பின்னால் போவதுபோலத் தெரிகிறது.

எப்போது. 2027 பிப்ரவரி 19 அன்று செவ்வாய் எதிரமைவில், அதாவது சூரியனுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஜனவரி 10 அளவில் நின்று பின்னோக்கித் திரும்பி, ஏப்ரல் 1 அளவில் மறுபடி நின்று முன்னோக்கித் திரும்புகிறது. வளையம் முழுவதும் சிம்ம விண்மீன் குழுவை ஒட்டியே விழுகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் மாதங்கள் இவை. ஆனாலும் பதிவை டிசம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்து மே வரை தொடருங்கள். முன்னோக்கி வந்த பகுதியைப் பதியாவிட்டால், நோட்டில் வளையம் இருக்காது, ஒரு கோடுதான் இருக்கும்.

படம் தயாரித்தல். ஸ்டெல்லேரியத்தில் கோள்களை மறைத்துவிட்டு, சிம்மத்தின் பிரகாசமான விண்மீனான மகம் நட்சத்திரத்தை (Regulus) நடுவில் வைத்து 40 டிகிரி அகலத்துக்கு ஒரு படம் அச்செடுங்கள். கோள்களை மறைப்பது முக்கியம். விடை படத்தில் இருந்தால் கண் வானத்தைப் பார்க்காது, படத்தைத்தான் பார்க்கும்.

அளத்தல். ஒவ்வொரு முறையும் குறைந்தது மூன்று விண்மீன்களை வைத்துக் கோளின் இடத்தைக் குறியுங்கள்: இந்த இரண்டுக்கும் நடுவே, அதிலிருந்து இத்தனை விரல் தள்ளி என்று. அடிவானத்தையோ வீட்டையோ தென்னையையோ வைத்துக் குறித்தால் நீங்கள் அளப்பது பூமியின் சுழற்சியைத்தான். இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் விழும் குழி இது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை போதும். எதிரமைவு நாளில் பூமி நொடிக்கு 30 கி.மீ. ஓடுகிறது. செவ்வாய் அப்போது தன் பாதையின் தொலைவான பகுதியில் இருப்பதால் 22 கி.மீ. வித்தியாசம் 8 கி.மீ. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 லட்சம் கி.மீ. செவ்வாய் அப்போது நம்மிடமிருந்து சுமார் 10 கோடி கி.மீ. தூரத்தில் இருப்பதால் இது வானத்தில் 0.4 டிகிரியாகத் தெரியும். அடுத்தடுத்த இரவுகளில் வெறும் கண்ணுக்கு இது எட்டுவது கடினம். ஐந்து நாளில் 2 டிகிரி, தவறவே முடியாது.

நிற்கும் நாள்களை ஒட்டி ஒரு வாரத்துக்கு எதுவுமே நகராது. கோளைத் தவறாக அடையாளம் கண்டுவிட்டோமோ என்று பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். நகராததும் ஒரு பதிவுதான், எழுதுங்கள்.

அடையாளம். ஜனவரியில் இரவு 9 மணிக்கு மேல் கிழக்கே ஏறும் ஆரஞ்சு நிறப் புள்ளி செவ்வாய். மகம் நீலங்கலந்த வெள்ளை. எதிரமைவு நாளில் செவ்வாய் மகத்துக்குச் சுமார் 4 டிகிரி வடக்கே நிற்கும். அதே பகுதியில் இவற்றையெல்லாம்விடப் பளிச்சென்று இருப்பது வியாழன். பிப்ரவரி 20 இரவு பௌர்ணமி, நிலவும் அங்கேதான் இருக்கும். சிம்மத்தின் மங்கலான விண்மீன்கள் அன்று காணாமல் போகும், மகத்தை மட்டும் நம்பிக் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழனையும் அதே தாளில் குறித்துவருவது கூடுதல் வேலையே இல்லை, ஆனால் பலன் பெரிது. செவ்வாயின் பின்னோக்கு ஓட்டம் ஏறக்குறைய 80 நாளில் 19 டிகிரி. வியாழனுடையது நான்கு மாதம் இழுத்தும் 10 டிகிரிதான். நம் பாதையின் அசைவு அருகில் உள்ள கோளில் பெரிதாகவும் தொலைவில் உள்ளதில் சிறிதாகவும் பிரதிபலிக்கிறது. எந்தக் கோள் தள்ளி இருக்கிறது என்பதை வளையத்தின் அகலமே காட்டிக்கொடுத்துவிடும்.

## 5. மென்பொருளில் சரிபார்க்கும் முறை

பதிவு முடிந்தபின்தான் ஸ்டெல்லேரியத்தில் கோள்களைத் திரும்பக் காட்டுங்கள். காற்றுமண்டலத்தையும் தரையையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது நாள்களை நகர்த்த வேண்டும். சமக்குறி விசையை அழுத்தினால் 24 மணி நேர நாள் கூடும். வானம் முழுவதும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு டிகிரி மேற்கே நழுவும், கோள் எங்கே போகிறது என்றே தெரியாது. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு சமக்குறியை அழுத்துங்கள். அது 23 மணி 56 நிமிட விண்மீன் நாளைக் கூட்டும். விண்மீன்கள் ஆணியடித்தாற்போல நிற்க, கோள்கள் மட்டும் ஊரும். இரண்டாம் படியில் சுவரோரம் நின்று பிடித்த நாலு நிமிடம்தான் இது.

## 6. வியாழனின் நிலவுகள்: விதியைச் சோதிக்க

பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது. முக்காலியில் பூட்டுங்கள், அல்லது கைப்பிடிச் சுவரில் தலையணை போட்டு ஊன்றுங்கள். வியாழனின் இருபுறமும் ஒரே கோட்டில் சிறு புள்ளிகள் தெரியும்.

ஒவ்வோர் இரவும் ஒரு கோடு வரைந்து, புள்ளிகளின் தூரத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குறியுங்கள். மூன்று வாரமாவது தொடர வேண்டும், ஏனென்றால் இந்த நிலவுகளில் வெளியே உள்ள காலிஸ்டோவின் சுற்றுக்காலம் 16.7 நாள். உள்ளே உள்ள அயோவை விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் வியாழனின் கூசும் ஒளிக்குள் புதைந்திருக்கும். கானிமீடு, காலிஸ்டோ என்ற இரண்டு நிலவுகள் போதும்.

அன்றைக்குத் தொலைவில் தெரிவது காலிஸ்டோ என்று முடிவுகட்டுவது வழக்கமான தவறு. வட்டத்தை நாம் விளிம்பிலிருந்து பார்க்கிறோம். காலிஸ்டோ நமக்கு நேர் முன்னே வரும்போது வியாழனை ஒட்டியே தெரியும். எனவே பல இரவுகளின் பதிவைச் சேர்த்துத்தான் எது எது என்று பிரிக்க முடியும்.

காலிஸ்டோவின் அதிகபட்ச விலகலைக் கானிமீடுடையதால் வகுத்தால் விகிதம் சுமார் 1.76 வர வேண்டும். அதன் முப்படிக்கு வர்க்கமூலம் எடுத்தால் 2.33. கானிமீடின் சுற்றுக்காலம் 7.15 நாள், 16.7ஐ அதனால் வகுத்தாலும் ஏறக்குறைய 2.33. சுற்றுக்காலத்தின் வர்க்கம் தூரத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும் என்ற கெப்லரின் மூன்றாம் விதி இது. மொட்டைமாடி அளவுகளில் விகிதம் 1.6, 1.9 என்று முன்பின்னாக வந்தால் சோர்ந்துவிட வேண்டாம்.

## 7. விண்மீன்கள்: இனி தரவுதான்

கண்ணுக்கு விண்மீன்கள் நிலையானவை. வேகமாக இடம் மாறுகிறது என்று பெயர்பெற்ற பர்னார்டு விண்மீனே ஆண்டுக்கு 10.4 வில்நொடிதான் (3600 வில்நொடி ஒரு டிகிரி) நகரும், நிலவின் அகலத்தைக் கடக்க 170 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே விண்மீன்களின் இடங்களை அளந்த கையா (Gaia) விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டைப் பயன்படுத்துவோம். 2022இல் வெளியானது, யாரும் இலவசமாகத் தேடலாம்.

பர்னார்டு விண்மீனைத் தேடி மூன்று எண்களை எடுங்கள்: இடமாறு கோணம் (parallax, பூமி சுற்றுவதால் விண்மீன் அசைவதாகத் தெரியும் அளவு) 547 மில்லி வில்நொடி, மொத்தத் தன்னியக்கம் (proper motion, வானத்தில் பக்கவாட்டு நகர்வு) ஆண்டுக்கு 10,393 மில்லி வில்நொடி, ஆரத் திசைவேகம் (நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம்) நொடிக்கு −110 கி.மீ. குறை என்றால் நம்மை நோக்கி வருகிறது.

பக்கவாட்டு வேகம் = 4.74 × தன்னியக்கம் ÷ இடமாறு கோணம். விடை நொடிக்கு 90 கி.மீ. இதையும் 110ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 142 கி.மீ. சூரியனை ஒப்பிட்ட மொத்த வேகம் அது.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. கிழக்கு-மேற்குத் தன்னியக்கத்தை நடுவரை விலக்கத்தின் (declination, வானநடுக்கோட்டிலிருந்து விண்மீன் விலகிய கோணம்) கோசைனால் பெருக்கச் சொல்லிப் பழைய பாடங்கள் சொல்லும். கையா அதை ஏற்கெனவே பெருக்கித்தான் தருகிறது, மறுபடி பெருக்காதீர்கள். அடுத்தது, இடமாறு கோணத்தின் பிழை வரம்பைப் பார்க்காமல் வகுப்பது. கோணத்தில் 20 சதவீதம் ஐயம் இருக்கும் விண்மீனுக்குக் கிடைக்கும் வேகத்தை நம்ப முடியாது.

## 8. சூரியனையும் ஓட விடுங்கள்

சூரியன் அக்கம்பக்க விண்மீன்களின் சராசரியை ஒப்பிட்டு நொடிக்கு சுமார் 20 கி.மீ. வேகத்தில் ஹெர்குலிஸ் விண்மீன் குழுவின் பக்கம் போகிறது. அதுபோக, நம் விண்மீன் திரளான பால்வெளியின் மையத்தை நொடிக்கு 220 முதல் 240 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 20 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

சூரியன் முன்னே பாய, கோள்கள் வால்போலப் பின்னால் சுழன்று வரும் காணொளிகள் அடிக்கடி பகிரப்படுகின்றன. அழகாக இருக்கும், ஆனால் தவறு. கோள்களின் தளம் பால்வெளித் தளத்துக்கு ஏறக்குறைய 60 டிகிரி சாய்ந்தது. சுற்றின் ஒரு பாதியில் கோள் சூரியனுக்கு முன்னால் இருக்கும், மறுபாதியில் பின்னால். இழுத்துச் செல்லப்படுவது எதுவும் இல்லை.

## 9. விண்மீன் திரள்கள்

முதலில் அண்டைத் திரளான ஆண்ட்ரோமெடா. நம்மிடமிருந்து 25 லட்சம் ஒளியாண்டு. அதன் நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவு) அது நொடிக்கு சுமார் 300 கி.மீ. வேகத்தில் நெருங்குவதாகக் காட்டுகிறது. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு மோதல் எப்போது என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். பொறுங்கள். அந்த 300இல் பெரும்பகுதி, எட்டாம் படியில் பார்த்த சூரியனின் ஓட்டம். சூரியன் இப்போது ஓடுவது ஏறக்குறைய அந்தப் பக்கமாகத்தான். அதைக் கழித்தால் இரு திரள்களும் நெருங்கும் வேகம் சுமார் 110 கி.மீ.தான் மிஞ்சும்.

தொலைவான திரள்களுக்கு வானத்தின் படங்களையும் நிறமாலைகளையும் தொகுத்துத் தரும் ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே (SDSS) தளத்தில் ஒரு நிறமாலையைத் திறங்கள். ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு (ஹைட்ரஜன் வெளியிடும் சிவப்பு ஒளிக்கோடு) 6762 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை, நகராதபோது அந்தக் கோடு இருக்கும் 6564.6ஆல் வகுத்து 1ஐக் கழித்தால் செம்பெயர்ச்சி (திரள் விலகுவதால் அலைநீளம் நீளும் விகிதம்) 0.030. ஒளிவேகத்தால் பெருக்க, நொடிக்கு சுமார் 9,000 கி.மீ. ஹபிள் மாறிலியை (10 லட்சம் பார்செக் தூரத்துக்கு விலகும் வேகம் நொடிக்கு எத்தனை கி.மீ. கூடுகிறது என்பது) 70 என்று கொண்டால் தூரம் ஏறக்குறைய 13 கோடி பார்செக், அதாவது 42 கோடி ஒளியாண்டு.

ஏன் 6564.6? பாடநூல்களில் 6562.8 என்றுதானே இருக்கிறது? பாடநூல் எண் காற்றில் அளந்தது. இந்தத் தளத்தின் அலைநீளங்கள் வெற்றிடத்துக்கானவை. இரண்டையும் கலந்தால் நொடிக்கு 80 கி.மீ.க்கு மேல் பிழை வரும். 9,000இல் அது பெரிதல்ல. ஆண்ட்ரோமெடா போன்ற அண்டைத் திரளில் விடையையே கெடுத்துவிடும்.

ஒரே கோட்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். மேலே சொன்ன திரளில் ஹைட்ரஜன் பீட்டா கோடு 5009இல் விழும். நகராத ஆக்சிஜனின் புகழ்பெற்ற பச்சைக் கோடு 5008. நிறமாலையில் அதைக் கண்டதும் இந்தத் திரள் நகரவே இல்லை என்று எழுதிவிடுவது எளிது. காக்கும் வழி விகிதம்: ஆல்ஃபாவை பீட்டாவால் வகுத்தால், திரள் எவ்வளவு வேகமாக விலகினாலும், 1.35தான் வரும். முதலில் அந்த விகிதத்தில் இரண்டு கோடுகளைப் பிடியுங்கள், பிறகு வேகம் கணக்கிடுங்கள்.

அருகில் உள்ள திரள்களுக்கு வேகத்திலிருந்து தூரம் கணக்கிடும் வழி செல்லாது. கன்னித் திரள்கொத்தில் (ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் பல திரள்களின் கூட்டம்) உள்ள மெஸ்ஸியே 86 என்ற திரள் நொடிக்கு 240 கி.மீ.க்கு மேல் நம்மை நோக்கி வருகிறது. கொத்தின் ஈர்ப்பில் அது அங்குமிங்கும் பாயும் வேகம், விரிவின் வேகத்தை மிஞ்சிவிட்டது. ஹபிள் கணக்கில் போட்டால் குறை எண்ணில் தூரம் வரும்! கொத்துகளுக்குள் இப்படி நொடிக்கு ஆயிரம் கி.மீ. வரை கலப்பு இருக்கலாம். ஆகவே விலகும் வேகம் 5,000 கி.மீ.க்குக் குறைவான திரள்களை உங்கள் பட்டியலில் முதலில் சேர்க்காதீர்கள்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் கடைசியாக ஒரு கழித்தல் இருக்கிறது. அண்டப் பின்னணிக் கதிர்வீச்சை (அண்டத்தின் தொடக்கக் காலத்திலிருந்து எல்லாத் திசையிலும் நிறைந்திருக்கும் ஒளி) ஒப்பிட்டு நம் சூரியக் குடும்பமே நொடிக்கு சுமார் 370 கி.மீ. வேகத்தில் போகிறது, சிம்ம விண்மீன் குழு இருக்கும் பக்கமாக. அந்தத் திசைத் திரள்களுக்கு நாம் கணக்கிட்ட வேகத்தோடு இதைக் கூட்ட வேண்டும், எதிர்த்திசைக்குக் கழிக்க வேண்டும், இடைப்பட்ட திசைகளுக்குக் கோணத்தின் கோசைனால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். ஸ்லோன் தளம் பூமியின் ஓட்டத்தை நீக்கி, சூரியனை ஒப்பிட்ட எண்ணைத்தான் தருகிறது. இந்த 370ஐ நீங்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.